சேம்பரில் சேர்ந்தால் சின்னத் தொழிலுக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மதுரையில் அப்பளமும் வத்தலும் போடும் சின்ன யூனிட் வைத்திருக்கிறீர்கள். எட்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மலேசியாவில் ஒரு வியாபாரி சரக்கு கேட்டிருக்கிறார். தெரிந்தவர்கள் எல்லாம் "முதலில் சேம்பரில் மெம்பர் ஆகுங்கள்" என்கிறார்கள். அந்த வர்த்தக சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தால் என்ன பயன், அது பெரிய முதலாளிகள் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் இடம்தானே என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சந்தா தொகை உங்களுக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. தனி ஆளாக உங்களால் முடியாத எந்தக் காரியத்தை ஒரு வர்த்தக சங்கம் முடித்துத் தரும் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடமாக ஏற்றுமதிக் காகிதங்களும் வரிக் கணக்கும் பார்த்து வருகிறேன். தென்மாவட்டச் சங்கம் ஒன்றின் வரிக் குழுவிலும் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சங்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதன் குறைகளும் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், உங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருவது சங்கத்தின் வேலை இல்லை. அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்தால் ஒரே வருடத்தில் வெறுத்துவிடும். ஆனால் சில காரியங்கள் இருக்கின்றன. அங்கே சட்டமே தனி ஆளைப் பார்க்காது, பலர் சேர்ந்த ஓர் அமைப்பைத்தான் பார்க்கும். சில இடங்களில் சட்டம் தடுக்காவிட்டாலும் தனிக் குரல் காதில் விழாது. சங்கத்தின் உண்மையான பயன் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

இது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கவேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்களைப் பார்க்கிறோம். அவ்வளவு பின்னால் போகாமல் விருதுநகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே பிடித்துப் பொதுவில் போட்ட பணத்துக்கு மகமை என்று பெயர். 1889ல் அங்கே தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி அந்த மகமையில் வளர்ந்ததுதான். இப்போது சேம்பர் என்று நாம் சொல்லும் வடிவம் பிரான்சின் மார்சேய் நகரில் 1599ல் தொடங்கியது. சென்னையில் 1836ல் வெள்ளைக்கார வணிகர்கள் மெட்ராஸ் சேம்பரைத் தொடங்கினார்கள். இந்திய வியாபாரிகளுக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று 1909ல் தென்னிந்திய வர்த்தக சபை வந்தது, அதன் முதல் தலைவர் பிட்டி தியாகராயர். மதுரை, ராமநாதபுரம் வியாபாரிகள் 1924ல் சேர்ந்து தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம். கோயம்புத்தூரில் 1929ல் இந்தியத் தொழில் வர்த்தக சபை வந்தது. ஆட்சியாளரிடம் தனித்தனியாகப் போய் நின்று பலிக்காதவர்கள் ஒன்றாகப் போனதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கதை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் வர்த்தக சபை சட்டப்படி அமைந்த பொது நிறுவனம். அந்த ஊரில் தொழில் செய்கிறவர் அதில் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும், தொழிற்பயிற்சித் தேர்வுகளையும் அந்த சபைதான் நடத்துகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே எல்லாமே விருப்பத்தின் பேரில் சேரும் சங்கங்கள். சங்கப் பதிவுச் சட்டத்திலோ கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலோ, அந்தக் காலத்து 25ஆம் பிரிவிலோ பதிவு செய்திருப்பார்கள். ஆகவே எந்த அதிகாரிக்கும் ஒரு சேம்பர் உத்தரவிட முடியாது. கேட்கலாம், எடுத்துச் சொல்லலாம், திரும்பத் திரும்ப நினைவூட்டலாம். எத்தனை பேர் உறுப்பினர், எவ்வளவு காலமாக நியாயமான விஷயத்தை மட்டும் பேசி வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

இனி உங்கள் மலேசியா ஆர்டருக்கு வருகிறேன். சேம்பரில் சேரச் சொன்னவர்கள் ஆரிஜின் சர்டிபிகேட்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்று மூன்றாவது ஆள் ஒருவர் சான்று தரவேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்தால் போதாது, அதனால்தான் ஒரு சபையின் கையெழுத்து தேவைப்படுகிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, இதற்காகப் பல வர்த்தக சபைகளுக்கு அங்கீகாரம் கொடுத்துப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. இப்போது விண்ணப்பம் டிஜிஎஃப்டியின் இணையதளத்தில்தான். எந்த அமைப்பிடமிருந்து சான்று வேண்டும் என்று அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். உறுப்பினர் அல்லாதவருக்கும் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் பல சங்கங்கள் தருகின்றன. எனவே இந்த ஒரு காகிதத்துக்காக மட்டும் சேரவேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஆரிஜின் சர்டிபிகேட்டில் இரண்டு வகை உண்டு. சேம்பர் தருவது வரிச்சலுகை இல்லாத வகை. சரக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் அது சொல்லும். மலேசியாவில் இறக்குமதி வரியில் சலுகை வேண்டும் என்றால் வேறு சான்று தேவை. ஆசியான் நாடுகளோடு 2010 ஜனவரியிலும் மலேசியாவோடு தனியாக 2011 ஜூலையிலும் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்களின்படி தரப்படும் சான்று அது. அதை ஏற்றுமதி ஆய்வு முகமை போன்ற அமைப்புகள்தான் தரும், உள்ளூர் சேம்பர் தராது. என்னிடம் வந்த ஒருவர் சேம்பர் காகிதத்தோடு சரக்கை அனுப்பிவிட்டார். கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாங்குபவர் சலுகைச் சான்று கேட்டார். பிறகு வாங்கிக்கொள்ள விதியில் இடம் இருந்தாலும் அவர் காத்திருக்கத் தயாராக இல்லை. முழு வரியையும் கட்டிச் சரக்கை எடுத்து, அந்தத் தொகையை பில்லில் கழித்துக்கொண்டார். இருவர் மேலும் தப்பில்லை. எந்தக் காகிதம் வேண்டும் என்று சரக்கு கட்டுவதற்கு முன்னால் ஒரு வரி கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அபீடா என்பது வேளாண், பதப்படுத்திய உணவுப்பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு ஆணையம். ஊறுகாய், அப்பளம், சட்னி என்று அபீடா சட்டத்தின் அட்டவணையிலேயே உங்கள் பொருள் இருக்கிறது. ஏற்றுமதியாளராகப் பதிவுச் சான்று வாங்கவேண்டியது அபீடாவிடம். சேம்பர் உறுப்பினர் அட்டை அதற்கு ஈடாகாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துச் சந்தா கட்டிவிட்டு ஏமாந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரி விஷயத்தில்தான் சங்கத்தின் வேலையை நான் மிக நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து அப்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் மெஷினில் பிழிந்து, பொரிக்காமல் விற்கும் ஃப்ரைம்ஸ் வகைக்கு 18 சதவீதம் என்றார்கள். எது அப்பளம், எது ஃப்ரைம்ஸ்? வட்டமாக இருந்தால் அப்பளமா, குழலாக இருந்தால் வேறா? பல மாநிலங்களில் இது வழக்காகவே ஆனது. எந்த வடிவில் இருந்தாலும் அப்பளம் அப்பளம்தான் என்று 2021ல் மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவாக்கியது. பொரிக்காத, எக்ஸ்ட்ரூஷன் முறையில் (மெஷினில் அழுத்திப் பிழிந்து) செய்த பண்டங்களுக்கு 2023 ஜூலை 27 முதல் 18லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். முந்தைய காலத்தில் குழப்பத்தால் நேர்ந்ததையும் முறைப்படுத்தினார்கள். இதுபோன்ற பல சுற்றறிக்கைகளின் தொடக்கத்தில் "கோரிக்கைகள் வரப்பெற்றதால்" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கோரிக்கைகள் பெரும்பாலும் சங்கங்களின் லெட்டர்ஹெட்டில் போனவை. எட்டு பேர் வைத்திருக்கும் ஒரு யூனிட் ஜிஎஸ்டி கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. எழுதினால் யார் எடுத்துப் படிப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஒன்று கவனியுங்கள்: நீங்கள் போடும் வத்தல் கையால் பிழிந்து வெயிலில் காயவைப்பதா, எக்ஸ்ட்ரூடரில் வருவதா என்பதைப் பொறுத்து வரி மாறலாம். உங்கள் தயாரிப்பு முறையைக் கண்ணால் பார்க்காமல் நான் அதைச் சொல்லக்கூடாது. ஆடிட்டரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, சங்கம் மனு கொடுத்தால் நடந்துவிடுமா? எப்போதும் இல்லை. வெட் கிரைண்டருக்கு 5 சதவீதமாக இருந்த வரியை 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதமாக்கினார்கள். கிரைண்டருக்குப் பேர்போன கோயம்புத்தூரில் வலுவான சங்கங்கள் இருந்தும் அது நடந்தது. இன்னொரு பக்கம், கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டிக்காரர்கள் சீன லைட்டர்களால் தொழில் போகிறது என்று விடாமல் கேட்டு வந்தார்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. என் அனுபவத்தில் எடுபடும் மனுவுக்கு ஓர் அடையாளம் உண்டு. "வியாபாரிகள் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்று மட்டும் எழுதிய மனு ஃபைலில் கிடக்கும். இந்த ஹெச்எஸ்என் எண்ணில் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) இந்தச் சொல்லால் இந்தக் குழப்பம், இத்தனை யூனிட்டுகளுக்கு இன்ன நோட்டீஸ் வந்திருக்கிறது, இந்தச் சொல்லை இப்படி மாற்றினால் தீரும் என்று எழுதினால் அதிகாரி கையில் ஒரு வேலை தயாராகக் கிடைக்கிறது. அப்படி எழுத சங்கத்துக்கு உறுப்பினர்களின் காகிதங்கள் வேண்டும். வரிக் குழுவில் நான் இருந்த வருடங்களில் பேசியவர்கள் நிறைய, நோட்டீஸ் நகல் கொண்டுவந்து கொடுத்தவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேருக்காகத்தான் ஏதாவது நடந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் பாக்கி வசூல் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நம் பக்கம் சின்னத் தொழில்கள் சாய்வது பெரும்பாலும் அதனால்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் பேசிய தேதிக்குள் பணம் தரவேண்டும். எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராவிட்டால், இந்தப் பாக்கி வழக்குகளுக்கென்றே அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம், விண்ணப்பத்தை இதற்கான அரசு இணையதளத்தில் போடலாம். அந்த மன்றத்தில் யார் யார் உட்காரவேண்டும் என்று சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. தொழில்துறை அதிகாரி, வங்கித் தரப்பு ஆகியோரோடு குறு, சிறு தொழில் சங்கங்களின் பிரதிநிதிக்கும் அங்கே இடம் உண்டு. சங்கத்துக்குச் சட்டத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கும் அரிதான இடம் இது. உங்கள் தொழில் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதற்கும் தெரியாத ஒருவர் இருப்பதற்கும் வித்தியாசம் நிறைய. சரக்கு வாங்கியவர் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகவேண்டும் என்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

இதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன். உற்பத்தியாளராக உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு, அதில் சந்தேகம் இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு 2021 ஜூலையில் திறந்துவிடப்பட்டாலும் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். தாமதப் பாக்கிப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. இது தெரியாமல் மன்றத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் உண்டு. சரக்கு கொடுத்த பிறகு உத்யம் பதிந்தால் பழைய பாக்கிக்கும் சட்டம் பாயுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை, ஆகவே அதை நம்பி உட்காராதீர்கள், பதிவை முதலில் முடியுங்கள். 90 நாளில் மன்றம் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த வழக்குகளில் பல அதைத் தாண்டிப் போயின. 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும், நிதியாண்டு முடிவதற்குள்ளும் பணம் தராதவர், அந்த ஆண்டு அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதனால் மார்ச் மாதத்தில் பாக்கி வேகமாக வருவதை நானே பார்க்கிறேன். பதிவு பெற்ற சின்னவர்களிடம் வாங்கவே சில கம்பெனிகள் தயங்குவதையும் பார்க்கிறேன். இந்த இரண்டில் எது அதிகம் என்று பில் விவரங்களைத் திரட்டிச் சொல்லும் வேலையை ஒரு வட்டாரச் சங்கம்தான் செய்யமுடியும். பல சங்கங்கள் இன்னும் அதைத் தொடவில்லை என்பது என் வருத்தம்.

புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குத் தரப்படும் சட்டப் பாதுகாப்பு, அந்த விஷயத்திலும் தனி ஆளுக்கு வழியில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உற்பத்தியாளர் சங்கமோ, அவர்களுக்காகப் பேசும் அமைப்போ, சட்டப்படி அமைந்த ஆணையமோதான் விண்ணப்பிக்க முடியும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு அதைச் செய்பவர்களின் சங்கம்தான் வாங்கியது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் குறியீடு கிடைத்தபோதும் அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் சங்கமாகத் திரண்டுதான் விண்ணப்பித்திருந்தார்கள். எந்தக் கடலை, எந்த வெல்லம், எப்படிப் பாகு வைப்பது, எப்போதிலிருந்து செய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவரவேண்டும். ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கும் ஐம்பது பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து "இதுதான் நம் ஊர் முறை" என்று ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் இதில் பெரிய வேலை. மதுரை அப்பளத்துக்கு ஜெய்ஹிந்துபுரம், சிந்தாமணி பக்கம் நீண்ட பழக்கம் இருக்கிறது. எத்தனையோ குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அதில் வாழ்கிறார்கள். உளுந்துமாவு பிசைவதிலிருந்து காயவைக்கும் பதம் வரை அவர்கள் கையில் இருப்பதை எழுதி வைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் குறியீடு வந்த மறுநாளே விற்பனை கூடிவிடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதியவேண்டும். போலிச் சரக்கைக் கண்காணிக்கச் சங்கம் பணமும் ஆளும் ஒதுக்கவேண்டும். அது நடக்காத இடங்களில் குறியீடு ஃப்ரேம் போட்ட படமாகச் சுவரில் தொங்குகிறது.

ஒரு சங்கம் எவ்வளவு தூரம் போகமுடியும், எங்கே தவறமுடியும் என்று பார்க்க திருப்பூரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே இருப்பது எல்லாத் தொழிலுக்குமான சேம்பர் இல்லை, ஒரே தொழிலுக்கான ஏற்றுமதியாளர் சங்கம், 1990ல் தொடங்கியது. ஆனால் ஊரே பனியன் தொழில் என்பதால் அது ஊர்ச் சங்கம் போலவே ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகப் போனது. கிராமத்துக்கும் தண்ணீர் இல்லை, பட்டறைக்கும் நிச்சயம் இல்லை. அரசு செய்து தரட்டும் என்று மனுவோடு நிற்காமல், மாநில அரசோடும் ஒரு நிதி நிறுவனத்தோடும் சேர்ந்து 1995ல் உருவான தண்ணீர்க் கம்பெனியில் சங்கமும் ஒரு பங்காளியானது. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து குழாய் போட்டு, 2005 வாக்கில் தண்ணீர் வந்தது. தொழிலுக்கு மட்டுமல்லாமல் வழியிலுள்ள ஊர்களுக்கும் குடிநீர் கிடைத்தது. ஒரு சங்கம் இந்த அளவுக்கு ஊரின் அடிப்படை வசதியில் இறங்கிய உதாரணம் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை.

வந்த தண்ணீர் சாயமாகி வெளியே போனதைப் பற்றியும் பேசவேண்டும். நொய்யல் ஆறு கெட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற நீதிமன்றம் கெடு கொடுத்தது. கெடுக்கள் கடந்த பிறகு 2011 ஜனவரி 28ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன. வேலை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகு மாநில அரசின் வட்டியில்லாக் கடன் உதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீராகி, இன்று சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதையே திருப்பூர் வெளிநாட்டு வியாபாரிகளிடம் பெருமையாகச் சொல்கிறது. என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். தொழில் அமைப்புகள் கெடு நீட்டிப்பு கேட்பதில் செலவிட்ட வருடங்களைத் தீர்வு தேடுவதில் செலவிட்டிருந்தால் அந்த ஜனவரி வந்திருக்காது. உறுப்பினருக்கு இன்று இனிப்பதைச் சொல்வதும் ஊருக்கு நாளை தேவையானதைச் சொல்வதும் ஒன்றல்ல. நல்ல சங்கம் இரண்டாவதைத் தன் உறுப்பினர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்.

சங்கங்கள் உரிமை கொண்டாடும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012ல் விமானம் தொடங்கியது. நம் ஊர் வர்த்தகர்கள் பல ஆண்டுகளாகப் பன்னாட்டுச் சேவை கேட்டு வந்தது உண்மை. அந்த மனுக்களால்தான் விமானம் வந்ததா, பயணிகள் இருக்கிறார்கள் என்று விமானக் கம்பெனி கணக்குப் போட்டதால் வந்ததா என்றால், இரண்டும் கலந்ததுதான் என்று சொல்வேன். கேட்பவர் இல்லாத ஊருக்கு எதுவும் வராது என்பது வரைக்கும் உறுதி. பொருட்காட்சிகளிலும் இதே நிலைதான். கோயம்புத்தூரில் 1969ல் தொடங்கிய சிறுதொழில் சங்கமான கொடிசியா தனக்கென்று கண்காட்சி வளாகமே கட்டி இயந்திரக் கண்காட்சி நடத்துகிறது. வார்ப்பட, பம்பு, இயந்திரப் பட்டறைக்காரர்களுக்கு அது வாங்குபவரை வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் உங்களைப் போன்ற உணவுப்பொருள் யூனிட் ஒரு பொதுப் பொருட்காட்சியில் ஸ்டால் போட்டால் நாலு நாள் சில்லறை விற்பனை நடக்கும், மொத்த ஆர்டர் வருமா என்பது சந்தேகம். முதல் வருடம் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் ஸ்டால் பற்றி யோசியுங்கள்.

எந்தச் சங்கத்தில் சேரலாம் என்றால், உங்களுக்கு அப்பளத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, வட்டார சேம்பர் ஒன்று, இரண்டும் வேண்டும். உளுந்து விலையும் ஃப்ரைம்ஸ் வரியும் முதலாவதில் எல்லோருக்கும் புரியும். மாநகராட்சி உரிமம், மின் கட்டணம், துறைமுகம், வங்கி என்று எல்லாத் தொழிலுக்கும் பொதுவானதை இரண்டாவது பேசும். சேருவதற்கு முன் சிலவற்றை நேரில் கேளுங்கள். ஆரிஜின் சர்டிபிகேட் கொடுக்க டிஜிஎஃப்டி அங்கீகாரம் இருக்கிறதா? கடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை செய்த கணக்கு வைத்தார்களா? உங்கள் உறுப்பினர் வகைக்கு ஓட்டு உண்டா, அல்லது இணை உறுப்பினர் என்று பெயருக்கு வைப்பார்களா? ஜிஎஸ்டி, தொழிலாளர் சட்டம் பற்றிய கூட்டங்கள் வருடத்தில் எத்தனை நடந்தன? நான் சில காலம் இருந்த ஒரு சங்கத்தில் வரவில் பெரும்பகுதி விழாக்களுக்கே போனது. கணக்கு கேட்டவர்களுக்குச் சரியான பதில் வரவில்லை, நான் விலகிவிட்டேன். இன்னொரு எச்சரிக்கை: உலக அளவு, அகில இந்திய அளவு என்று பெரிய பெயரோடு "உங்களைச் சிறந்த தொழில்முனைவோராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று மெயில் வரும். அதற்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கடன் விஷயத்தில் சேம்பரால் வங்கியை வற்புறுத்த முடியாது. மானியக் கடன் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரடியாகப் போங்கள், அங்கே வழிகாட்டக் காசு கேட்க மாட்டார்கள். வங்கி காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் அப்போது சங்கத்தின் கடிதம் உதவலாம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதல் வேலையாக மலேசியா வியாபாரியிடம் இரண்டு கேள்வி கேட்பேன். அவருக்கு வேண்டியது சலுகைச் சான்றா, சாதாரணச் சான்றா? பணம் எத்தனை நாளில், எந்த முறையில் தருவார்? குறு, சிறு தொழில் சட்டத்தின் 45 நாள் கணக்கு வெளிநாட்டில் இருக்கும் வியாபாரியை மடக்கிப்பிடிக்க உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் சரக்குக்கு முன்பணமோ வங்கி எல்சியோ (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) இல்லாமல் அனுப்பவேண்டாம். அவர் பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்த அலுவலகத்துக்கு என்னென்ன நகலோடு முதலில் போவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.